மறுகரைத் தாள்

நாடு கிழக்குக்கடல் பொதுச்சந்தையை விட்டு வெளியேறிய அன்று தூத்துக்குடியில் பாதிப் பேர் வெடி போட்டார்கள். மீதிப் பேர் கடையை அடைத்தார்கள். வெடி போட்டவர்களில் சிலர், அடைத்த கடையின் பின்வாசல் வழியாகப் போய்த்தான் வெடியே வாங்கி வந்தார்கள் என்பது வேறு விஷயம். பதினோரு நாடுகள் சேர்ந்து முப்பது வருடம் நடத்திய சந்தை அது. வெளியேறலாமா கூடாதா என்று நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பேர் போகலாம் என்றார்கள். நாற்பத்தொன்பது பேர் இருக்கலாம் என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். எங்கே முடிந்தது?

"இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" என்று தோற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "ஒன்றும் ஆகியிருக்காது, போங்கள்" என்று ஜெயித்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்து போன சம்பந்திகள் உண்டு. டீக்கடைகளில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று தொங்கிய பழைய பலகைக்குக் கீழே 'சந்தையும் பேசாதீர்' என்று புதுப் பலகை ஏறியது. கடைசியில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, இவ்வளவு பேசுகிறீர்களே, வெளியேறாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்போம் என்று ஒரு இயந்திரத்தை வைத்துக் கணித்துத்தான் பாருங்களேன் என்றார். ஆளுங்கட்சிக்கு அன்றைக்கு நல்ல தெம்பு. பார்த்தால் போச்சு என்றார்கள்.

அப்படி வந்தது அந்த இயந்திரம். அரசாங்கம் அதற்கு 'மாற்றுவழிக் கணிப்பு அமைப்பு' என்று பெயர் வைத்தது. தூத்துக்குடிக்காரர்கள் 'மறுகரை' என்றார்கள். குடும்ப அட்டை, படிப்பு, வேலை, ஆஸ்பத்திரிச் சீட்டு, போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து வெளியேற்றத்தை மட்டும் உருவி எறிந்துவிட்டு, மீதியில் ஒவ்வொரு மனிதனும் இன்றைக்கு என்னவாக இருந்திருப்பான் என்று சொல்லும். படம் கிடையாது, குரல் கிடையாது. அரசாங்கத் தமிழில் பத்துப் பன்னிரண்டு வரி, திரையில் ஒரே ஒரு தாள். ஒருவருக்கு வாரத்துக்கு ஐந்து நிமிடம். அந்தப் பத்து வரியைப் பார்க்க ஊரே திரண்டது.

மூன்றாம் மைலில் இருந்த மையத்தில் அந்தத் தாளை எடுத்துக் காட்டுகிற வேலை இசக்கியம்மாளுடையது. முப்பத்து நான்கு வயது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டவர் என்று சொல்லிவிடுவாள். 'நான் சொன்னேன்ல' என்பதற்காக வருகிறவர்கள் ஒரு ரகம். வயிற்றெரிச்சல்பட்டுத் தீர்வதற்காகவே வருகிறவர்கள் இன்னொரு ரகம். மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர், மறுகரையில் தன் கடை திவாலாகியிருக்கும் என்று தெரிந்ததும் மையம் முழுவதற்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். இன்னொருவருக்கு அங்கே வேறு பெண்டாட்டி. பின்னால் நின்றது இந்தக் கரைப் பெண்டாட்டி. அந்த ஐந்து நிமிடத்தை இசக்கி இரண்டு நிமிடத்தில் முடித்துவைக்க வேண்டியதாயிற்று. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு மறுகரைத் தாளையும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

இசக்கி தன் தாளை ஒரே ஒரு முறை எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் அவளுக்கு இதே சம்பளம், இதே நாற்காலி. வெளியேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டுகிற மையத்தில் வேலை. அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

அமலோற்பவம் முதன்முதலாக வந்தது நாலு மாதத்துக்கு முன்னால். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாராத தலை, கழுத்தில் ஜெபமாலை. தன் தாளைக் கேட்டாள். இசக்கி எடுத்துப் படித்துக் காட்டினாள். கணவர் கஸ்பார், மகன் ஒன்று, டெரன்ஸ்.

"அவன் தாள எடு பிள்ள."

இசக்கி எடுத்தாள். *டெரன்ஸ் பர்னாந்து. வயது இருபத்தாறு. தொழில்: இறால் பதன ஆலையில் இரண்டாம் முறை மேற்பார்வையாளர். இருசக்கர வாகனம் ஒன்று. பெற்றோருடன் வசிக்கிறார். உடல்நிலை நன்று.*

வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நன்றுன்னா? உசுரோடயா இருக்கான்?"

அப்போதுதான் இசக்கிக்குச் சுரீர் என்றது. மையத்து ஊழியர்களுக்குக் கொடுத்த கையேட்டில் முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு விதி உண்டு. இறந்து போனவர்களுக்குத் தாள் கிடையாது. வெளியேற்றத்துக்குப் பிறகு இறந்தவன் மறுகரையில் பிழைத்திருப்பானா என்று கணிப்பது மனிதர்களை வதைப்பதாகும் என்று, அந்த அரசாங்கம் செய்த ஒரே நல்ல காரியமாக, அதைத் தடுத்து வைத்திருந்தார்கள். குடும்ப அட்டையில் இறப்பு பதிவாகிவிட்டால் இங்கேயும் தாள் மூடிவிடும், அங்கேயும் மூடிவிடும். டெரன்ஸின் தாள் திறந்திருந்தது என்றால் அவன் மறுகரையில் பிழைத்தான் என்று அர்த்தமில்லை. இந்தக் கரையில் யாரும் அவன் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுக்கவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் எத்தனை வீட்டில் எடுக்கிறார்கள்? அடக்கம் முடித்து, நாற்பதாம் நாள் பூசையும் முடித்து, கல்லறைக்கு வெள்ளையும் அடித்துவிடுவார்கள். அட்டையில் மட்டும் ஆள் வருடக்கணக்காக உயிரோடு இருப்பார். இயந்திரத்தைச் செய்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் ஊரில் செத்தவன் அன்றைக்கே பதிவாகிவிடுவான் போலிருக்கிறது.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் வரிசையில் பின்னால் ஏழு பேர் நின்றார்கள், எதிரே அந்த முகம் இருந்தது.

"தாள்ல அப்படித்தான்க்கா போட்டிருக்கு" என்றாள் இசக்கி.

அன்றைக்குச் செய்ததற்குப் பாவம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பெயர் தெரியவில்லை.

டெரன்ஸ் இறந்தது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். சந்தை போனதும் இறால் ஆலை மூடியது. வேலை இல்லாமல் ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டு, கன்டெய்னர் லாரிக்கு மாற்று டிரைவராகப் போனான். நெல்லூர் பக்கத்தில் ஒரு விடிகாலையில், ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் கண்ணயர, எல்லாம் முடிந்தது. அவனுடைய அப்பா கஸ்பார் ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி. வாக்கெடுப்பின்போது வெளியேறச் சொல்லிக் கொடி பிடித்துக் கடற்கரைச் சாலை முழுக்க நடந்தவர். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. சந்தை நாடுகளிலிருந்து உறைந்த மீன் மலிவாக வந்து குவிய, நம் மீன் கரையில் கிடந்து நாறியதை அவர் தினமும் பார்த்தவர். அப்பாவுக்கு மீன், மகனுக்கு இறால். ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு.

அமலோற்பவம் தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "நீங்க போட்ட ஓட்டுலதான எம்புள்ள செத்தான்?"  ஒரு கைலியும் பாயும் எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனி மாடிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. முப்பது வருடத் தாம்பத்தியம் பத்து வரித் தாளில் இரண்டாகக் கிழிந்தது.

அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். தாள் வாரத்துக்கு ஒரு வரி மாறும். ஒரு வாரம், *பார்வைக் குறைபாடு, கண்ணாடி அணிகிறார்* என்று வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அவங்க அப்பாவுக்கும் இருபத்தாறுலதான் கண்ணாடி வந்திச்சி" என்றாள். இன்னொரு வாரம், *பல் மருத்துவரிடம் சென்றார்.* "என்ன பல்லுன்னு போடலியா? கடவாப்பல்லா இருக்கும். சின்னதுலயே அரிச்சிக்கிட்டு இருந்திச்சி" என்று வாரம் முழுக்கக் கவலைப்பட்டாள். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவள் புடவை மாற்றிக்கொண்டு வருவதை இசக்கி கவனித்தாள். சொல்லாமல் விட்டது வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே போனது.

இதற்குள் 'மீண்டும் சேர்வோம்' இயக்கத்துக்காரர்கள் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அமலோற்பவம் மாதிரி நாகப்பட்டினத்தில் ஒரு தாய், குளச்சலில் ஒரு தாய், பழவேற்காட்டில் இரண்டு பேர். 'மறுகரையில் உயிரோடு இருப்பவர்கள்' என்று தட்டி அடித்து, பிள்ளைகளின் படத்தைப் போட்டு, ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தருவை மைதானத்தில் பெரிய கூட்டம். அதில் அமலோற்பவம் தாளைப் படிப்பாள். பிறகு, மகனைக் கொன்றவர் யார் என்று பேர் சொல்லுவாள். சுவரொட்டியிலேயே போட்டிருந்தார்கள்: 'பெற்ற தாயே பெயர் சொல்கிறாள்.' எந்தப் பெயர் என்று ஊருக்கே தெரியும். ஐஸ் கம்பெனி ஜன்னலில் ஏற்கெனவே இரண்டு கண்ணாடி உடைந்திருந்தது.

இதில் இசக்கிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அவள் சந்தையில் இருக்கலாம் என்று ஓட்டுப் போட்டவள். திரும்பவும் சேரவேண்டும் என்று மனதார நினைப்பவள். அந்தத் தாய்மார்களால்தான் இயக்கத்துக்கு உயிரே வந்திருந்தது. அவள் வாயைத் திறந்தால் அவள் பக்கமே தோற்கும். வாயை மூடியிருப்பது இரக்கத்தினாலா, ஆதாயத்தினாலா என்று அவளுக்கே தெரியாமல் போனது. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

வியாழக்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், கஸ்பார் வந்தார். நெடுநெடுவென்று உயரம். எதிர் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"எந்தத் தாள் வேணும் அண்ணாச்சி?"

"எந்தத் தாளும் வேண்டாம்மா. ஒரு கேள்வி கேக்கணும். நேரா பதில் சொல்லணும்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நான் கொடி புடிச்சேன். ஓட்டும் போட்டேன். அதுனாலதான் எம்பையன் செத்தானா?"

இசக்கி கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள். உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்தேழாம் பக்கம், அட்டையில் இருக்கும் பெயர், தாள் ஏன் மூடவில்லை என்பது, தான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது. 

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அப்போ அவன் அங்கயும் இல்ல."

"அங்க இருக்கானா இல்லியான்னு இதுக்குத் தெரியாது அண்ணாச்சி. செத்தவங்கள பத்தி இது யோசிக்கவே யோசிக்காது. அவன் செத்ததே இதுக்குத் தெரியாது. ஆலையில வேலை பாத்த பையன். ஆலை மூடலன்னா சூப்பர்வைசர் ஆயிருப்பான். அவ்வளவுதான் இதோட புத்தி."

"அப்போ நான் குத்தவாளி இல்லன்னு சொல்லுதியளா?"

இசக்கிக்கு ஆம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஒரு தடவை ஆசைப்பட்டுச் சொன்னதற்குத்தான் இத்தனை பாடு.

"குத்தவாளின்னும் மெஷின் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ஆல மூடுனது நெசம். லாரிக்குப் போனது நெசம். அந்த லாரிக்காரன் தூங்குனதும் நெசம். இதுல எதுக்கு எது காரணம்னு எந்த மெஷினாலயும் சொல்ல முடியாது."

கஸ்பார் தலையை ஆட்டினார். ஒரு கணம் அவர் தோள் இறங்கியது. நாலு மாதமாகத் தூக்கிச் சுமந்த ஐஸ் பாரைக் கீழே வைத்தவர் மாதிரி இருந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"இத அவகிட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல. நீங்களே சொல்லுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க. அங்க உங்க பேர சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"அவகிட்ட சொல்லாதிய." எழுந்து நின்றுவிட்டார். "சனிக்கெழமைக்கு சனிக்கெழம சேலை மாத்திக்கிட்டு வாராளாமே. மார்க்கெட்ல சொன்னாவ. செத்ததுல இருந்து ஒரு வருசமா அவ தலைகூட சீவலம்மா. எம்மேலதான கோவம்? இருந்துட்டுப் போகட்டும். பேர சொன்னா சொல்லிட்டுப் போறா. அவன் அங்ஙன இருக்கட்டும்."

"அது பொய்யில்லியா அண்ணாச்சி?"

"பொய்தான்" என்றார் கஸ்பார். "ஆனா கண்ணாடி போட்டிருக்கானாமே."

அவர் போனபிறகு இசக்கி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேலதிகாரிக்குப் போன் போட்டாள். பெரும்பாலும் எதையும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறவர். "யாருட்டயும் ஒண்ணும் பேசாதீங்க மேடம். தப்பு இருக்குன்னு சொன்னா கணிப்பு மொத்தமும் தப்புன்னுருவான். ரெண்டு கட்சிக்காரனும் நம்மள உரிச்சிருவான். நாளைக்கு ரிட்டயர் ஆகப்போறவன், என்னைய நிம்மதியா விடுங்க" என்று வைத்துவிட்டார். அவர் ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருடம் இருந்தது.

ஆக, சொல்லக் கூடாது என்று அரசாங்கம் சொல்கிறது. கஸ்பாரும் சொல்கிறார். சொல்லாமல் இருந்தால் அவள் பக்கம் ஜெயிக்கும். ஒரு தாய்க்கு வாரம் ஐந்து நிமிடம் சந்தோஷம். எல்லா வழியும் வாயை மூடு என்றுதான் காட்டியது. அவ்வளவு சுலபமாக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை பத்தரைக்கு அமலோற்பவம் வந்தாள். மயில் கழுத்து நிறத்தில் புடவை. மேடையில் படிப்பதற்குத் தாளை அச்செடுத்து முத்திரை குத்தித் தரவேண்டும் என்றாள். இசக்கி தாளைத் திறந்தாள். *இரவு முறைக்கு மாற்றப்பட்டுள்ளார்* என்று புது வரி.

"அய்ய, நைட் ஷிப்டா? அவனுக்கு தூக்கம் முழிச்சா ஆகாதே" என்றாள் அமலோற்பவம்.

இசக்கி எழுந்து போய், முன்கதவைச் சாத்தி, 'உணவு இடைவேளை' அட்டையைத் தொங்கவிட்டாள். பத்தரை மணிக்கு என்ன உணவு இடைவேளை என்று வெளியே ஒருவர் கத்தினார். திரும்பி வந்து மேசைக்கு இந்தப் பக்கம், அமலோற்பவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். சொன்ன பெறவு நீங்க என்னைய அடிச்சாலும் சரி. மொத நாளே சொல்லியிருக்கணும்."

சொன்னாள். இந்த முறை சீக்கிரம் முடிந்துவிட்டது. அமலோற்பவம் அழவில்லை, அடிக்கவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையில பேரு இருக்கதுனாலயா?"

"ஆமாக்கா."

"ரேஷன் கடைக்காரன் மூணு தடவ கேட்டான். சர்ட்டிபிகேட் கொண்டாங்க, எடுத்துருவோம்னு. நாந்தான் கொடுக்கல." மெதுவாகப் பேசினாள். "அப்போ நாந்தான் அவன அங்க வச்சிருந்திருக்கேன்."

 இசக்கி அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் அழ, அமலோற்பவம் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"இவருக்குத் தெரியுமா?"

"வியாழக்கெழம வந்தாவ. சொன்னேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாவ. கோவம் எம்மேல இருந்துட்டுப் போகட்டும், அவன் அங்ஙன இருக்கட்டும்னு."

 வெளியே கதவைத் தட்டினார்கள், யாரும் எழவில்லை. அமலோற்பவம் பையைத் திறந்து, ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த இறப்புச் சான்றிதழ். மடிப்பில் நைந்திருந்தது.

"அந்தக் கூட்டத்து ஆளுகளுக்கு நான் வரலன்னு சொல்லிரு பிள்ள. செத்த புள்ளைய வச்சிக்கிட்டு மேட ஏறமாட்டேன்." காகிதத்தை மேசைமேல் வைத்து நீவினாள். "பேர இங்கயே எடுக்கலாமா?"

"எடுக்கலாம்க்கா. அவசரமில்ல. அடுத்த வாரங்கூட..."

"அடுத்த வாரம்னா எடுக்க மாட்டேன். எனக்கு என்னையத் தெரியும்."

இசக்கி பெயர் நீக்கும் பக்கத்தைத் திறந்து விவரங்களை நிரப்பினாள். கடைசியில் வழக்கம்போல, அட்டையோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி போகும் என்று வந்தது. எண்ணைப் பார்த்ததும் விரல் நின்றது.

"இது யாரு நம்பர்க்கா?"

"அவன் நம்பர்தான். அட்டை, கேஸு, பேங்கு எல்லாத்துக்கும் அவன் நம்பரத்தான் கொடுத்தோம். எங்க ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்."

பேர் எடுக்க வேண்டியவனுடைய சம்மதம், பேர் எடுக்க வேண்டியவனுடைய போனுக்கே போகிறது. பல வீடுகளில் இப்படித்தான். தாசில்தார் கையெழுத்தோடு வேறு படிவம் இருக்கிறது, ஒரு மாதம் ஆகும். ஒன்றரை வருடத்தில் அந்த எண் செத்திருக்கும், இல்லை வேறு யாருக்காவது போயிருக்கும் என்று இசக்கி விளக்கினாள். ஆனாலும் அந்தப் பொத்தானை அழுத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அழுத்தினாள். *ஓடிபி அனுப்பப்பட்டது. பத்து நிமிடங்களுக்குச் செல்லும்.*

"போயிருச்சா?"

"போயிருச்சின்னு போடுது. யாருக்குப் போச்சின்னு தெரியல."

அமலோற்பவம் தன் போனை எடுத்தாள். எண்ணைப் பார்க்காமலே அழுத்தினாள். ஒன்றரை வருடமாக அவள் அதைக் கூப்பிட்டதில்லை. காது கொஞ்சம் மந்தம் அவளுக்கு; சத்தத்தை முழுக்க வைத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. ஒரு குத்துப்பாட்டு ஓடியது. "அவன் வச்ச பாட்டு" என்றாள், மூச்சே இல்லாமல்.

பாட்டு நின்றது.

"அமலி?"

கஸ்பாரின் குரல்.

 அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு கதவு சாத்தியது.

"இந்தப் போனு உங்ககிட்டயா இருக்கு?" என்றாள் அமலோற்பவம்.

"நெல்லூர் போலீஸ்ல கொடுத்தாவ. கண்ணாடிதான் உடஞ்சிருந்திச்சி. மாத்தினேன்."

"நம்பர் ஓடுது?"

"மாசாமாசம் போட்டுட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்துக்கு?"

"அவன் கூட்டாளிக யாராவது கூப்பிடுவானுவ. பெறந்தநாளுக்கு மூணு பேரு கூப்பிட்டானுவ, வெவரம் தெரியாம. நான் சொல்லல. குளிக்கப் போயிருக்கான், வந்ததும் கூப்பிடச் சொல்லுதேன்னு சொன்னேன்."

அமலோற்பவம் வாயைப் பொத்திக்கொண்டாள். இசக்கி எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். ஆனால் அமலோற்பவம் அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஒரு மெசேஜ் வந்திருக்கும்" என்றாள் அமலோற்பவம் கடைசியில்.

"வந்திருக்கு."

"படிச்சியளா?"

"படிச்சேன்."

"எதுக்குன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. பேரும் போட்டிருக்கு."

"நம்பர சொல்லுங்க."

ஐஸ் கம்பெனி மோட்டார் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கஸ்பார் செருமினார்.

"நாலு" என்றார். இசக்கி தட்டினாள். "ஒண்ணு. ஏழு." பிறகு வெகுநேரம் கழித்து, "சைபர்."

"இன்னும் ரெண்டு இருக்கணும்."

"இருக்கு."

"சொல்லுங்க."

"அமலி, நான் அங்க வாரேன். ரெண்டு பேருமா சேந்து போடுவோம். சைக்கிள எடுத்துட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லைன் போய்விட்டது.

ஐஸ் கம்பெனி இருக்கும் பழைய துறைமுகத்திலிருந்து மூன்றாம் மைலுக்கு, அந்த வெயிலில், அந்த வயதில், சைக்கிளில் எப்படியும் அரைமணி நேரம் ஆகும். திரையின் ஓரத்தில் ஏழு நிமிடம் என்று காட்டியது. முடிந்துவிட்டால் கட்டங்கள் காலியாகிவிடும். வேறு ஓடிபி கேட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இசக்கி திரையை மெதுவாக மேசைக்கு அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். கதவைத் திறந்து, வெளியே கத்திக்கொண்டிருந்தவர்களைச் சாயங்காலம் வரச் சொன்னாள். சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து அமலோற்பவத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அமலோற்பவம் குடித்தாள். பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பின்பக்கமாகத் திரும்பியிருந்த திரையைப் பார்த்தாள்.

"அவரு வார வரைக்கும் அவன் பேரு இதுல இருக்கும்லா பிள்ள?"

"இருக்கும்க்கா" என்றாள் இசக்கி.